பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போறீங்களா? பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க... முதல்ல இதையெல்லாம் பாருங்க!

கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஒரு நாளைக்கு 200 போட்டோ எடுத்தாலும் பைசா செலவில்லை. இருந்தும், 25, 30 வருஷத்துக்கு முன்பு கடைகளில் விற்ற, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன ஃபிலிம் கேமராவுக்காக மாதக்கணக்கில் காசு சேர்க்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் போதும், மற்றதெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும் 'பாயின்ட் அண்ட் ஷூட்' ரக கேமராக்கள்தான் அவை.

"எது பெஸ்ட்?" என்று தேடினால் மூன்று, நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயரை மட்டும் நம்பி, ஆன்லைனில் முன்பின் தெரியாதவரிடம் பெரிய தொகை கொடுத்து வாங்கி, வீட்டு விசேஷத்தை எல்லாம் படம் பிடித்து, கடைசியில் லேபிலிருந்து வெறும் ஆரஞ்சு நிறப் பட்டை மட்டும் திரும்பி வந்தால்? போன காசைக்கூட சம்பாதித்துவிடலாம். போன தருணத்தை எங்கே போய் எடுப்பது?

அதனால் வாங்குவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பாயின்ட் அண்ட் ஷூட் என்றால் என்ன?

ஸ்டூடியோக்காரர்கள் தோளில் மாட்டியிருந்த பெரிய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப அபெர்ச்சர், ஷட்டர் வேகம் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். அது தொழில் தெரிந்தவர்களின் வேலை.

வீட்டில் இருக்கிற யார் கையில் கொடுத்தாலும் படம் விழ வேண்டும் என்பதற்காக வந்தவைதான் இந்தக் கச்சிதமான கேமராக்கள். இவற்றில் பெரும்பாலானவை 35 மி.மீ. ஃபிலிம் ரோலில் இயங்குபவை. ஒரு ரோலில் 24 அல்லது 36 படங்கள். தூரத்தை அளப்பது, வெளிச்சத்தை அளப்பது, ஃபிளாஷ் வேண்டுமா என்று முடிவெடுப்பது, ரோலை நகர்த்துவது என எல்லாமே தானாக நடக்கும்.

இந்த வசதியெல்லாம் எப்போது வந்தது?

1977-ல் ஜப்பானின் கோனிகா நிறுவனம் 'சி35 ஏஎஃப்' என்ற கேமராவைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா இதுதான். அடுத்து 1979-ல் கேனான் 'ஏஎஃப்35எம்' வந்தது. இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எதிரே இருப்பவர் மீது அனுப்பி, திரும்பி வரும் கதிரை வைத்து தூரத்தைக் கணக்கிட்டது. பிறகு வந்த பல காம்பாக்ட் கேமராக்களும் இதே வழியைத்தான் பின்பற்றின.

அதே 1979-ல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி 'எக்ஸ்ஏ' கேமராவை உருவாக்கினார். முன்பக்க மூடியை விரலால் நகர்த்தினால் லென்ஸ் வெளியே தெரியும். மூடினால் பத்திரமாக உள்ளே போய்விடும். தனியாக உறை தேவையில்லை. ஃபோகஸை மட்டும் நாமே செய்ய வேண்டும். ஆனால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதுதான் அன்று பெரிய விஷயம். பின்னாளில் வந்த 'மியூ' வரிசை கேமராக்கள் இந்த நகரும் மூடியையே சுவீகரித்துக்கொண்டன.

1990-கள்தான் இவற்றின் பொற்காலம். அதன்பிறகு டிஜிட்டல் வந்தது, அடுத்து செல்போன் வந்தது. ஃபிலிம் கேமராக்கள் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டன.

அப்புறம் எப்படி விலை ஏறியது?

புதிதாகத் தயாரிப்பு இல்லை. இருப்பது பழைய சரக்கு மட்டும்தான். அதில் ஒன்று பழுதானால் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. இந்த நிலையில் தேடுபவர்கள் கூடினால் விலை ஏறத்தான் செய்யும்.

பிரபலங்களின் பங்கும் உண்டு. 2017-ல் அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னர், ஜிம்மி ஃபாலனின் 'தி டுநைட் ஷோ' நிகழ்ச்சியில் தன்னுடைய 'கான்டாக்ஸ் டி2' கேமராவைக் காட்டிப் பேசினார். ஏற்கெனவே தேடப்பட்டு வந்த அந்த கேமராவுக்கு அதன்பிறகு மவுசு பல மடங்கு கூடியது. அதை வாங்க முடியாதவர்கள் அடுத்த பெயருக்குப் போனார்கள். அதன் விலையும் ஏறியது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதுதான் இன்றைய விலை.

அடிக்கடி சொல்லப்படும் மூன்று கேமராக்கள் எப்படி?

*கான்டாக்ஸ் டி2 (1990):* டைட்டானியம் உடல். கார்ல் ஸெய்ஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய 38 மி.மீ. 'சோனார்' லென்ஸ், எஃப் 2.8. கையில் பிடித்தால் நகைப்பெட்டி மாதிரி கனமாக, அழகாக இருக்கும். அபெர்ச்சரை நாமே மாற்ற முடியும். ஆனால் 70 செ.மீ.க்குள் இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்யாது. விலையோ மூன்றிலும் உச்சம்.

*யாஷிகா டி4 (1990):* பிளாஸ்டிக் உடல், பார்வைக்கு சாதாரணம். உள்ளே இருப்பது ஸெய்ஸின் 35 மி.மீ. 'டெஸ்ஸார்' லென்ஸ், எஃப் 3.5. 35 செ.மீ. வரை நெருங்கி எடுக்கலாம். இதன் அடுத்த வடிவத்தில், கேமராவை இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்த்தே படம் எடுக்க ஒரு சின்ன ஜன்னலும் உண்டு.

*ஒலிம்பஸ் மியூ 2 (1997):* 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8. எடை 135 கிராம்தான். தூறல் பட்டாலும் தாங்கும். மூடியை நகர்த்தினால் உடனே ரெடி. ஒரே எரிச்சல், மூடியை மூடித் திறக்கும்போதெல்லாம் ஃபிளாஷ் மறுபடியும் 'ஆட்டோ'வுக்குப் போய்விடும். அதை ஒவ்வொரு முறையும் நாமேதான் அணைக்க வேண்டும். மறந்தால், கோயில் பிரகாரத்தில் அகல் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவர் முகத்தில் பளீரென்று வெள்ளை அடித்துவிடும்.

மூன்றுமே நல்ல கேமராக்கள். அதில் சந்தேகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பெரிய சிக்கல் என்ன?

பழைய மெக்கானிக்கல் கேமரா பழுதானால், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பல்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் சரிசெய்து ஓட வைத்துவிடுவார். இந்த காம்பாக்ட் கேமராக்கள் அப்படியல்ல. உள்ளே முழுக்க எலெக்ட்ரானிக் சர்க்யூட், பேப்பர் போல மடங்கும் கேபிள், சின்னச் சின்ன மோட்டார்கள். இவற்றுக்குப் புது உதிரிபாகம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. இன்னொரு செத்த கேமராவைப் பிரித்து எடுத்தால்தான் உண்டு.

தயாரித்தவர்களும் இன்று அந்தத் தொழிலில் இல்லை. கான்டாக்ஸ், யாஷிகா கேமராக்களைத் தயாரித்த கியோசெரா 2005-ல் கேமரா தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கோனிகாவும் மினோல்டாவும் இணைந்து உருவான நிறுவனம் 2006-ல் வெளியேறியது. ஒலிம்பஸின் கேமரா பிரிவு 2021-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது.

அதாவது பெருந்தொகை கொடுத்து வாங்குகிற கேமராவுக்கு வாரன்ட்டி கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது. இன்று ஓடுகிற கேமரா நாளை மறுநாள் நின்றால், அதோடு கதை முடிந்தது. மலிவான கேமராவுக்கும் இதே கதிதான். ஆனால் 2,000 ரூபாய் போவதும் ஒரு மாதச் சம்பளம் போவதும் ஒன்றா?

அதனால் "எந்தப் பெயர் பெரியது?" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, "எது நன்றாக ஓடுகிறது? நின்றுபோனால் என்னால் தாங்க முடியுமா?" என்று கேட்பதுதான் சரி.

அப்போ எதை வைத்துத் தேர்வு செய்வது?

பெயரை மறைத்துவிட்டு இந்த ஐந்து விஷயங்களை மட்டும் பாருங்க.

*1. லென்ஸ்:* ஜூம் இல்லாத, ஒரே அளவு லென்ஸ் உள்ள கேமராவே பொதுவாக நல்லது. 'எஃப்' என்று போட்டிருக்கும் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிக வெளிச்சம் உள்ளே போகும். நீளமான ஜூம் உள்ள கேமராக்களில், ஜூமை முழுவதும் நீட்டினால் எஃப் 11 வரைகூடப் போய்விடும். எஃப் 2.8-உடன் ஒப்பிட்டால் இது 16-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான். சாயங்கால நேரத்தில் படம் கலங்கிப் போக இதுவே போதும். அதேநேரம், ஜூம் கேமராக்களை அதிகம் பேர் தேடுவதில்லை என்பதால் அவை மலிவு. நல்ல வெயிலில் மட்டும் எடுப்பவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

*2. ஃபோகஸ்:* மலிவான சில கேமராக்களில் ஃபோகஸ் என்ற வேலையே கிடையாது. குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் சுமாராகத் தெளிவாக விழும். ஆட்டோஃபோகஸ் என்றால், ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கி ஃபோகஸைப் பிடித்து வைக்க முடிகிறதா என்று பாருங்க. இரண்டு பேர் நடுவில் இடைவெளி விட்டு நின்றால், கேமரா பின்னால் உள்ள சுவரை ஃபோகஸ் செய்துவிடும். பாதி அமுக்கிப் பிடிப்பதுதான் அதற்கு மருந்து. இன்னொன்று, பஸ், ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியிலேயே ஏமாந்துவிடலாம். மலைப் படம் போட்ட 'தூரக் காட்சி' பட்டன் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும்.

*3. ஃபிளாஷ்:* இருக்கிறதா என்பதைவிட, வேண்டாதபோது அணைக்க முடிகிறதா என்பதே முக்கியம்.

*4. பேட்டரி:* சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ பேட்டரி என்றால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். மேலே சொன்ன மூன்று கேமராக்களுக்கும் 'சிஆர்123ஏ' என்ற லித்தியம் பேட்டரி வேண்டும். ஆன்லைனிலும் பெரிய கடைகளிலும் கிடைக்கும்; ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்தால் திண்டாட்டம்தான்.

*5. ஃபிலிம் வேகத்தை அறியும் வசதி:* ரோல் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும். இதற்கு 'டிஎக்ஸ் கோடு' என்று பெயர். 1983-ல் கோடாக் கொண்டுவந்தது. இதைப் படித்துத்தான் உள்ளே இருப்பது 200 ஐஎஸ்ஓ ரோலா, 400 ஐஎஸ்ஓ ரோலா என்று கேமரா தெரிந்துகொள்கிறது. மலிவான கேமராக்கள் ஓரிரு வேகங்களை மட்டுமே படிக்கும். குழப்பம் வேண்டாம் என்றால் 200 அல்லது 400 ரோலோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்குள் எடுப்பதற்கு 400 நல்லது.

வீட்டு பீரோவில் ஏற்கெனவே இருக்கிறதா?

இருக்க வாய்ப்புண்டு. 1990-களில் இந்தியக் குடும்பங்களில் அதிகம் புழங்கியவை யாஷிகா எம்எஃப்-2, கோடாக் கேபி10 போன்ற எளிய கேமராக்கள். ஊட்டி டூர், மொட்டை அடித்த அன்று எடுத்தது, அக்கா கல்யாணம் என ஆல்பத்தில் இருக்கிற எத்தனையோ படங்கள் இவற்றில் எடுத்தவைதான்.

அப்பா, சித்தப்பா, மாமா யாரிடமாவது கேட்டுப் பாருங்க. இந்த வகை கேமராக்களில் பழுதாவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பேட்டரி போடும் இடம் சுத்தமாக இருந்து, ஷட்டர் விழுந்தால் ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாம். முதல் கேமராவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கத்துக்குற காலத்தில் செய்கிற தப்புகளுக்கு விலையும் குறைவு.

புதுசாகவே வாங்க முடியாதா?

முடியும். 2024-ல் ரிகோ நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்ற புது ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. அமெரிக்காவில் அறிமுக விலை 500 டாலர். ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படம் விழும் 'ஹாஃப் ஃபிரேம்' வகை என்பதால் 36 ரோலில் 72 படம் எடுக்கலாம். தூரத்தை மட்டும் நாமே குறிப்பாகத் திருப்பி வைக்க வேண்டும். அதே ஆண்டில் ஆட்டோஃபோகஸ் வசதியோடு 'ரோலை 35ஏஎஃப்' என்ற கேமராவும் வந்தது.

பட்ஜெட் குறைவு என்றால், கோடாக் பெயரில் விற்கப்படும் 'எக்தார் எச்35' போன்ற பிளாஸ்டிக் கேமராக்கள் உண்டு. இதுவும் ஹாஃப் ஃபிரேம்தான். லென்ஸ் மிக எளிமையானது, எஃப் 9.5. வெயிலில் மட்டும் நன்றாக வேலை செய்யும். நிழலுக்கு வந்தால் ஃபிளாஷ் போட்டே ஆக வேண்டும். படத்தில் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஓடுமா, ஓடாதா என்ற பயம் இல்லாமல் ஆரம்பிக்கலாம்.

பழையதுதான் வேண்டும் என்றால் எப்படிச் சோதிப்பது?

நேரில் போகும்போது புது பேட்டரி, ஒரு டார்ச், காலாவதியான ஒரு பழைய ரோல் மூன்றையும் கொண்டுபோங்க.

● பேட்டரி மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்பு பூத்திருந்தால், பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

● லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்க. சிலந்தி வலை போல இழையிழையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்று அதிகமுள்ள ஊர்களில் மூடியே வைத்திருந்த கேமராக்களில் இது அடிக்கடி வரும்.

● பின்கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் கறுப்பு பஞ்சைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால், அந்த வழியாக வெளிச்சம் உள்ளே போய்ப் படம் வீணாகலாம். இதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

● பழைய ரோலைப் போட்டு மூடுங்க. எண் 1-க்கு வருகிறதா? ஒவ்வொரு கிளிக்குக்கும் நகர்கிறதா? கடைசியில் தானாகப் பின்னால் சுற்றிக்கொள்கிறதா? இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

● ஃபிளாஷ் எவ்வளவு நேரத்தில் தயாராகிறது என்று கவனிங்க.

● எல்சிடி திரையில் எழுத்துகள் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்க.

● ஆன்லைன் என்றால், "இதே கேமராவில் சமீபத்தில் எடுத்த ரோலைக் காட்டுங்க" என்று கேளுங்க. "டெஸ்ட் பண்ணல, ஆனா நல்லா இருக்கும்" என்று பதில் வந்தால், ஓடாத கேமராவுக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காதீங்க.

முக்கிய எச்சரிக்கை: யூடியூப் பார்த்து நீங்களே ஸ்குரூவைக் கழற்றாதீங்க. ஃபிளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பலமான ஷாக் அடிக்கும்.

கேமராவுக்குப் பிறகும் செலவு உண்டா?

அதுதான் நிஜமான செலவு. மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஒருகாலத்தில் நம்ம ஊட்டியிலேயே 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று கடையில் வாங்கும் கலர் ரோல் வெளிநாட்டிலிருந்து வருவதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரோல் 900 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. மொத்தம் 1,500 ரூபாய். 36 படம் என்றால், ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 42 ரூபாய். ஹாஃப் ஃபிரேமில் அது 21 ரூபாய். மாதம் ஒரு ரோல் எடுத்தால் வருஷத்துக்கு 18,000 ரூபாய். உங்க ஊர் லேப் விலையை விசாரித்து இதே கணக்கைப் போட்டுவிட்டு, அதன் பிறகு கேமராவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யுங்க. கையிலிருப்பதை எல்லாம் கேமராவில் போட்டுவிட்டு, ரோல் வாங்கக் காசில்லாமல் அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பதில் என்ன பயன்?

லேப் பக்கத்தில் இல்லாதவர்கள் பெருநகர லேப்களுக்குக் கூரியரில் அனுப்பலாம். விமானத்தில் போகிறவர்கள் ரோலை செக்-இன் லக்கேஜில் வைக்கவே கூடாது. அந்த ஸ்கேனர் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பாதுகாப்பு ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் ரோலை விட்டுவிட்டுப் போவதும் ஆபத்துதான்.

விசேஷத்துக்கு எடுத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் வாங்கிய மறுநாளே வேண்டாம். முதல் ரோலைத் தெரு, டீக்கடை, மொட்டை மாடி, வீட்டுக்குள், இரவு ஃபிளாஷ் என்று எல்லா இடத்திலும் எடுத்து, கழுவிப் பார்த்துவிடுங்க. அதில் வெளிச்சக் கோடு விழுந்திருக்கிறதா, ஃபோகஸ் தப்புகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது ரோலை நம்பி எடுத்துப் போகலாம்.

பாட்டியின் 80-வது பிறந்தநாள் மாதிரி திரும்ப வராத நாள் என்றால், அப்போதும் செல்போனில் நாலு படம் சேர்த்து எடுத்து வைங்க. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமராவும் அன்றைக்குப் பார்த்து நின்றுபோகலாம்.

மொத்தத்தில்...

இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்களா? வீட்டில் இருக்கும் பழைய கேமரா அல்லது புது பிளாஸ்டிக் கேமரா போதும். நான்கைந்து ரோல் எடுத்தும் ஆசை குறையவில்லையா? ஜூம் இல்லாத, பெயர் அதிகம் அடிபடாத ஆட்டோஃபோகஸ் கேமரா ஒன்றைச் சோதித்து வாங்குங்க. வாரன்ட்டியோடு நிம்மதியாக வேண்டுமா? புதுசுக்குப் போங்க. கான்டாக்ஸ்தான் வேண்டும் என்று மனசு கேட்கிறதா? வாங்கலாம், ஒருநாள் அது நின்றுபோகும் என்பதைத் தெரிந்தே வாங்குங்க.

அம்மா, அப்பா கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது, அது எந்த கேமராவில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. படம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் கேமரா ஓட வேண்டும், உள்ளே ரோல் இருக்க வேண்டும்.